24 அறைகள்: அமெரிக்காவின் முதல் மனநல மருத்துவமனையின் கதை

1767 ஏப்ரலில் வர்ஜீனியாவின் ஆளுநர் பிரான்சிஸ் ஃபாக்கியர் சட்டமன்றத்தில் ஆற்றிய உரையில் ஓர் அசாதாரணமான ஒப்புதல் இருந்தது. தாம் நாள்தோறும் சட்டத்தை மீறி வருவதாக அவரே சொன்னார். சித்தம் கலங்கிய ஒருவரை எந்த அதிகாரமும் இல்லாமல் அடைத்து வைத்திருக்க வேண்டியிருக்கிறது. வெளியே விட்டால் ஊருக்கு ஆபத்து, அடைத்து வைத்தால் அது குற்றம். இதிலிருந்து தம்மை விடுவிக்கும்படி சட்டமன்றத்தை அவர் கேட்டுக்கொண்டார். அதற்கு முந்தைய நவம்பரிலேயே இதே கோரிக்கையை ஒருமுறை வைத்திருந்தார். அறிவு தடுமாறி ஊர் ஊராக அலையும் ஏழைகளைக் காப்பதற்கு நாகரிக நாடுகளிலெல்லாம் மருத்துவமனைகள் இருக்கின்றன, நம்மிடம் மட்டும் இல்லை என்பது அவருடைய வாதம். உறுப்பினர்கள் தலையசைத்தார்கள், தீர்மானமும் போட்டார்கள். வேலை மட்டும் நடக்கவில்லை.

1768 மார்ச்சில் ஃபாக்கியர் காலமானார். அவர் கேட்ட மருத்துவமனை ஐந்தரை ஆண்டுகள் கழித்து, 1773 அக்டோபர் 12ஆம் தேதி, வர்ஜீனியாவின் அன்றைய தலைநகரான வில்லியம்ஸ்பர்க்கில் திறக்கப்பட்டது. வட அமெரிக்காவின் பிரிட்டிஷ் குடியேற்றங்களில் மனநோயாளிகளுக்காக மட்டுமே கட்டப்பட்ட முதல் பொது மருத்துவமனை அதுதான். பிலடெல்ஃபியாவில் பெஞ்சமின் ஃப்ராங்க்ளினும் மருத்துவர் தாமஸ் பாண்டும் 1751இல் நிறுவிய பென்சில்வேனியா மருத்துவமனை அதற்கு முன்பே மனநோயாளிகளைச் சேர்த்துக்கொண்டது உண்மை. ஆனால் அது எல்லா நோய்களுக்குமான மருத்துவமனை. மனநோயாளிகளுக்கு அங்கே கிடைத்த இடம் நிலவறை. அவர்களை வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தைச் சமாளிக்க முடியாமல் நிர்வாகம் நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கியது.

வில்லியம்ஸ்பர்க் மருத்துவமனையின் முதல் நூறு ஆண்டுகளைப் படிக்கும்போது ஒரு கேள்வி எழுகிறது. இந்த நூறு ஆண்டுகளில் மனநோயைக் குணப்படுத்தும் புதிய மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. இருந்தும் அந்தச் சுவர்களுக்குள் வாழ்ந்தவர்களின் நிலை ஒரு காலத்தில் பெரிதும் உயர்ந்தது, பிறகு அதே வேகத்தில் சரிந்தது. மருந்து காரணமில்லை என்றால் வேறு எது காரணம்? நோயாளியை யார் என்று நினைத்தார்கள் என்பதும், அவர் அருகில் இருக்க எத்தனை பேரை வைத்தார்கள் என்பதுமே காரணம் என்று இந்த வரலாறு காட்டுகிறது.

சட்டமும் கட்டடமும்

1770இல் வர்ஜீனியா சட்டமன்றம் மருத்துவமனைக்கான சட்டத்தை நிறைவேற்றியது. கட்டுமானத்துக்கு 1,200 பவுன் வரை செலவிட அனுமதி கிடைத்தது. நிர்வாகத்துக்கு ஓர் இயக்குநர் குழு அமைந்தது. அதில் இருந்தவர்கள் சாதாரண ஆட்கள் அல்லர். பிற்பாடு அமெரிக்கக் குடியேற்றங்களின் பிரதிநிதிகள் கூடிய கண்ட மாநாட்டின் முதல் தலைவரான பெய்டன் ராண்டால்ஃப், பின்னாளில் அமெரிக்க அதிபரான தாமஸ் ஜெஃபர்சனின் சட்ட ஆசான் ஜார்ஜ் வித் போன்றோர் அதில் உறுப்பினர்கள். ஒரு நாட்டை உருவாக்கப்போகும் மனிதர்கள், அதற்கு முன்பே இந்தச் சிறிய மருத்துவமனையின் கணக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சட்டம் வகுத்த நடைமுறை கவனிக்கத்தக்கது. ஒருவர் சித்தம் கலங்கியவர் என்று புகார் வந்தால், அவரை மூன்று நீதிபதிகள் விசாரிக்க வேண்டும். அவர்கள் முடிவு செய்து அனுப்பினால்தான் மருத்துவமனை பரிசீலிக்கும். அதாவது வாசலில் நின்று முதலில் தீர்ப்புச் சொன்னது மருத்துவம் அல்ல, நீதிமன்றம். சேர்க்கைக்கு இரண்டு வகையினரே தகுதி பெற்றார்கள்: குணமாகக்கூடியவர்கள், அல்லது பிறருக்கு ஆபத்தானவர்கள். யாருக்கும் தீங்கு செய்யாதவர், குணமாகும் நம்பிக்கையும் இல்லாதவர் என்றால் அவருக்கு இங்கே இடமில்லை. குடும்பமோ ஊரோதான் அவரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே பிறந்த நாளிலேயே இந்த நிறுவனத்துக்கு இரண்டு எசமானர்கள். ஒருவர் பெயர் இரக்கம், மற்றவர் பெயர் பொதுப் பாதுகாப்பு. இந்த இருவருக்கும் இடையிலான இழுபறிதான் அடுத்த நூறு ஆண்டுகளின் கதை.

கட்டடத்தை வடிவமைத்தவர் பிலடெல்ஃபியாவின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ராபர்ட் ஸ்மித். முதல் கண்ட மாநாடு கூடிய கார்ப்பென்டர்ஸ் ஹால் இவர் கைவண்ணம்தான். வில்லியம்ஸ்பர்க்கின் பெஞ்சமின் பவல் அதைக் கட்டி முடித்தார். இரண்டு தளங்கள், செங்கல் சுவர்கள், உச்சியில் சிறு கோபுரம். உள்ளே நோயாளிகளுக்கு 24 அறைகள், காப்பாளர் குடியிருக்க இடம், இயக்குநர்கள் கூட ஓர் அறை. ஜெஃபர்சனுக்கு இந்தக் கட்டடம் பிடிக்கவேயில்லை. கூரை மட்டும் இல்லாவிட்டால் செங்கல் சூளை என்றே நினைத்திருப்போம் என்ற பொருளில் எழுதிவைத்தார். ஆனால் வெளித்தோற்றத்தைவிட உள்ளே இருந்ததுதான் கவலைக்குரியது.

அறைக்குள்ளே

1773இல் ஒரு நோயாளி கண்ட அறை இதுதான்: கனத்த கதவு, கம்பி போட்ட சன்னல், தரையில் வைக்கோல் அடைத்த மெத்தை, ஒரு மலச்சட்டி, சுவரில் பதித்த ஓர் இரும்பு வளையம். அந்த வளையம் எதற்கு என்று சொல்ல வேண்டியதில்லை. கொந்தளிப்பு மிகும்போது கையையோ காலையோ அதோடு சேர்த்துப் பிணைப்பார்கள். வெளியே நடமாடி வெயில் காய வேலியிட்ட முற்றம் 1790இல்தான் வந்தது. அதுவரையிலான 17 ஆண்டுகளும் பெரும்பாலும் நான்கு சுவர்களுக்குள்ளேயே கழிந்தன.

மருத்துவமனையை அன்றாடம் நடத்தியவர் மருத்துவர் அல்லர், காப்பாளர் ஜேம்ஸ் கால்ட். பெண் நோயாளிகளைக் கவனித்தவர் அவருடைய மனைவி மேரி. அந்தக் கால்ட் குடும்பத்தின் பெயர் ஏறத்தாழ 90 ஆண்டுகள், தலைமுறை தலைமுறையாக, இந்த நிறுவனத்தோடு ஒட்டிக்கொண்டது. மருத்துவராக வந்துபோனவர் ஜான் டி செக்வேரா. போர்த்துகீசிய யூத மரபைச் சேர்ந்தவர், லண்டனில் பிறந்தவர், ஹாலந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தவர். அன்றைய வர்ஜீனியாவில் இதைவிட நல்ல படிப்புப் படித்த மருத்துவரைக் கண்டுபிடிப்பது கடினம்.

அப்படிப்பட்டவர் கையில் இருந்த சிகிச்சைகள் எவை? இரத்தம் வடித்தல், பேதிக்குக் கொடுத்தல், கொப்புளம் எழுப்பும் களிம்பு தடவுதல், திடீரெனக் குளிர்ந்த நீரில் அமிழ்த்துதல், வீரியமான மருந்துகள். இன்று படிக்கையில் கொடூரமாகத் தெரியும் இவை அன்று அறிவியலாகக் கருதப்பட்டன. மனம் தடுமாறுவது மூளையிலும் நரம்புகளிலும் ஏற்படும் கோளாறு, உடலை அதிரவைத்தோ வடிகட்டியோ அதைச் சரிசெய்யலாம் என்பது அக்கால ஐரோப்பிய மருத்துவத்தின் நம்பிக்கை. இன்னொரு நம்பிக்கை இதைவிட ஆழமானது. நோயாளி பகுத்தறிவைத் தானே கைவிட்டவர், அச்சமூட்டினால் அதைத் திரும்பப் பற்றிக்கொள்வார் என்று பலர் எண்ணினார்கள். சங்கிலியும் குளிர்நீரும் அந்த எண்ணத்தின் கருவிகள்.

திறக்கப்பட்டதிலிருந்து 1790 வரை சேர்ந்தவர்களில் சுமார் ஐந்தில் ஒரு பங்கினர் குணமானவர்களாக வீடு திரும்பியதாகச் சொல்லப்படுகிறது. அவர்கள் சிகிச்சையால் தேறினார்களா, சிகிச்சையையும் தாங்கிக்கொண்டு தாமே தேறினார்களா என்பது வேறு விஷயம்.

இதற்கிடையே விடுதலைப் போர் வந்தது. தலைநகர் 1780இல் ரிச்மண்டுக்கு மாறியது. வில்லியம்ஸ்பர்க்கின் செல்வாக்கு போயிற்று, மருத்துவமனைக்கு வந்த பணமும் வற்றியது. போரின் முடிவில் சில ஆண்டுகள் கதவுகளை மூடவே வேண்டியிருந்தது. அரசுக்கு நெருக்கடி வரும்போது முதலில் வெட்டுப்படுவது இத்தகைய இடங்களுக்கான பணம்தான் என்ற பாடத்தை இந்த மருத்துவமனை தன் முதல் பத்து ஆண்டுகளிலேயே கற்றுக்கொண்டது.

கடல் கடந்து வந்த எண்ணம்

பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் ஐரோப்பாவில் காற்று திசை மாறியது. பாரிசில் ஃபிலிப் பினெல் நோயாளிகளின் பேச்சைக் கேட்டு, நடத்தையைக் கவனித்து, குறிப்பெடுத்து சிகிச்சை அளிக்கலாம் என்று காட்டினார். இங்கிலாந்தின் யார்க் நகரில் குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த வில்லியம் டூக் 1796இல் திறந்த இல்லத்தில் நோயாளிகள் ஒரு பெரிய குடும்பத்தின் உறுப்பினர்களைப் போல வாழ்ந்தார்கள். நேரத்துக்கு உணவு, கைக்கு வேலை, தோட்டத்தில் நடை, மரியாதையான பேச்சு. இதுவே சிகிச்சை என்றார் டூக். நோயாளியின் அறிவு முழுவதும் அழிந்துவிடவில்லை, எஞ்சியிருப்பதோடு பேசினால் அது வளரும் என்பது இதன் அடிப்படை.

அமெரிக்காவில் இந்தப் பரிவுச் சிகிச்சை முதலில் வேர்விட்டது வில்லியம்ஸ்பர்க்கில் அல்ல. பிலடெல்ஃபியாவை அடுத்த ஃப்ராங்ஃபோர்டில் குவேக்கர்கள் 1817இல் ஒரு காப்பகம் திறந்தார்கள். மாசசூசெட்ஸில் மெக்லீன் காப்பகம் 1818இல் வந்தது, கனெக்டிகட்டில் ஹார்ட்ஃபோர்ட் காப்பகம் 1824இல் வந்தது. 1833இல் திறந்த வூஸ்டர் மருத்துவமனை அரசுப் பணத்திலும் இது சாத்தியம் என்று காட்டியது. 1840களில் டோரதியா டிக்ஸ் என்ற ஆசிரியை சிறைகளிலும் ஏழை விடுதிகளிலும் மனநோயாளிகள் கிடந்த நிலையை நேரில் பார்த்து, மாநிலம் மாநிலமாகச் சட்டமன்றங்களை உலுக்கினார். இந்த அலை எழுந்தபோது வில்லியம்ஸ்பர்க் பழைய நிறுவனமாக, பின்தங்கியதாக நின்றது. வர்ஜீனியாவிலேயே மலைப்பகுதியான ஸ்டான்டனில் 1828இல் திறந்த மேற்கு மருத்துவமனை அதைவிட நல்ல பெயர் எடுத்திருந்தது.

இளம் மருத்துவர் கால்ட்

1841இல் வர்ஜீனியா சட்டம் ஒரு பெரிய மாற்றம் செய்தது. நிர்வாகப் பொறுப்பு காப்பாளரிடமிருந்து மருத்துவரிடம் போனது. மருத்துவமனைக்கு 'கிழக்குக் காப்பகம்' என்று புதுப்பெயர் வந்தது. முதல் கண்காணிப்பாளராகப் பதவியேற்ற ஜான் மின்சன் கால்ட் அப்போதுதான் மருத்துவப் படிப்பை முடித்திருந்தார், வயது 22. அவருடைய தந்தையும் தாத்தாவும் இதே இடத்தில் மருத்துவம் பார்த்தவர்கள். சிறுவயதிலிருந்தே இந்த நோயாளிகளைப் பார்த்து வளர்ந்தவர் அவர்.

வில்லியம்ஸ்பர்க்கில் இன்று மறுபடி கட்டப்பட்டு அருங்காட்சியகமாக இருக்கும் மருத்துவமனையில் இரண்டு அறைகளை அமைத்திருக்கிறார்கள். ஒன்று 1773ஆம் ஆண்டு அறை, மற்றொன்று 1840களின் அறை. முதலாவதில் மேலே சொன்ன வைக்கோலும் வளையமும். இரண்டாவதில் கட்டில், மேசை, நாற்காலி. அளவில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் முதல் அறை ஒருவரை அடக்கி வைப்பதற்கு, இரண்டாவது அறை ஒருவர் குடியிருப்பதற்கு. நாற்காலி போட்டிருக்கிறார்கள் என்றால் அதில் உட்காரப்போகிறவர் உண்டு, அவரோடு பேச வருகிறவரும் உண்டு என்று பொருள்.

கால்ட் கொண்டுவந்த மாற்றங்கள் பட்டியலில் எளியவை. தச்சுப் பட்டறை, செருப்புத் தைக்கும் கூடம், தையலுக்கும் நூற்புக்கும் நெசவுக்கும் அறைகள், விளையாட்டுக்கூடம், இசைக்கருவிகள், ஊரைச் சுற்றிவர வண்டி. எல்லாவற்றையும்விட அவர் பெருமைப்பட்டது நோயாளிகளுக்கான நூலகத்தில். பல மொழிகள் படித்தவர், புத்தகப் பிரியர். மனநோயாளிக்கு வாசிப்பு என்ன செய்யும் என்பதைப் பற்றித் தனியாகவே எழுதியிருக்கிறார். உலகெங்கும் வெளிவந்த சிகிச்சை முறைகளைத் திரட்டி 1846இல் ஒரு பெரிய நூலாக வெளியிட்டார். மனநோயாளி நம்மிலிருந்து அளவில்தான் வேறுபடுகிறார், தன்மையில் அல்ல என்பது அவர் திரும்பத் திரும்பச் சொன்ன கருத்து. சங்கிலியையும் பிணைப்புகளையும் முடிந்தவரை ஒதுக்கினார். ஆனால் அவரை அப்பழுக்கற்ற நாயகனாக்கிவிடக் கூடாது. பிணைப்பைக் குறைத்த இடங்களில் அபின் கலந்த மருந்துகளை அவர் தாராளமாகவே பயன்படுத்தினார்.

1844 அக்டோபரில் அமெரிக்காவின் 13 காப்பகக் கண்காணிப்பாளர்கள் பிலடெல்ஃபியாவில் கூடி ஒரு சங்கம் தொடங்கினார்கள். இன்றைய அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் மூலவேர் அதுதான். 25 வயதுக் கால்ட் அந்தப் பதின்மூவரில் ஒருவர். அந்தச் சங்கம் நிறைவேற்றிய முதல் தீர்மானம், நோயாளிகளைக் கட்டுப்படுத்தும் கருவிகளை முழுவதும் கைவிடுவது நோயாளிக்கே நல்லதல்ல என்பது. பரிவுச் சிகிச்சையின் பொற்காலம் என்று சொல்லப்படும் காலத்தின் தலைவர்களே இவர்கள் என்பதை மறக்கக் கூடாது.

கவனித்த கைகள் யாருடையவை?

கால்டின் காலத்தைப் புகழ்ந்து எழுதிய பழைய வரலாறுகளில் ஒரு பெரிய மௌனம் உண்டு. நோயாளியோடு இரவும் பகலும் இருந்தவர்கள் யார்? உணவு கொடுத்தவர்கள், குளிப்பாட்டியவர்கள், கொந்தளிக்கும் ஒருவரை அடிக்காமல் பிடித்து அமர்த்தியவர்கள் யார்? அவர்களில் கணிசமானோர் அடிமைகள். காப்பகம் அவர்களைச் சொந்தமாகவும் வைத்திருந்தது, உரிமையாளர்களிடமிருந்து கூலிக்கும் அமர்த்தியது. கூலி உரிமையாளருக்குப் போனது. மென்மையே மருந்து என்று எழுதிய ஒரு நிறுவனம், விற்கவும் வாங்கவும் கூடிய மனிதர்களின் கைகளிலிருந்துதான் அந்த மென்மையைப் பெற்றது. சாட்டைக்கு அஞ்சி வாழ வேண்டியிருந்த ஒருவரிடம் பொறுமையை எதிர்பார்த்தார்கள், அவரும் அதைக் கொடுத்தார். இந்த மருத்துவமனையின் வரலாற்றில் நன்றி சொல்லப்படாத பெருங்கடன் இது.

நோயாளிகளிலும் கறுப்பினத்தவர் இருந்தார்கள். அடிமையல்லாத கறுப்பினத்தவரைத் தொடக்க காலத்திலிருந்தே வில்லியம்ஸ்பர்க் சேர்த்துக்கொண்டது. 1846இல் வந்த சட்டம், உரிமையாளர் பணம் கட்டினால், அதனால் எந்த வெள்ளையருக்கும் இடம் மறுக்கப்படாவிட்டால், அடிமைகளையும் சேர்க்க அனுமதித்தது. நிபந்தனையிலேயே அக்காலத்தின் மனம் தெரிகிறது. ஆனாலும் ஸ்டான்டன் மருத்துவமனையின் கண்காணிப்பாளர் ஃப்ரான்சிஸ் ஸ்ட்ரிப்லிங் வெள்ளையர்களுக்கு மட்டுமே இடம் என்று இருந்தபோது, கால்ட் இரு இனத்தவரையும் ஒரே நிறுவனத்தில் வைத்துப் பார்த்தார். அதில் தவறில்லை என்று எழுதவும் செய்தார். வடமாநிலங்களின் பெரிய மருத்துவர்கள் பலருக்கு இது பிடிக்கவில்லை. கால்ட் அடிமை முறையை எதிர்த்தவர் அல்லர், அதன் பலனை அனுபவித்தவர். ஆனால் நோய்க்கு நிறமில்லை என்ற ஒரு விஷயத்தில் தன் காலத்து அறிஞர்களைவிட அவர் ஒரு படி முன்னால் நின்றார். இந்த இரண்டையும் ஒருசேரப் பார்த்தால்தான் அந்த மனிதரையும் அந்தக் காலத்தையும் புரிந்துகொள்ள முடியும்.

சுவருக்கு வெளியே ஒரு வழி

1855இல் கால்ட் தன் சக மருத்துவர்களின் கோபத்தைச் சம்பாதித்துக்கொண்ட ஒரு கட்டுரையை எழுதினார். பாரிசுக்கு அருகே பிசேத்ர் மருத்துவமனையைச் சார்ந்த 'செயின்ட் ஆன் பண்ணை'யில் நோயாளிகள் வயல்வேலை செய்து வாழ்ந்ததைப் பற்றித் தொடங்கும் அந்தக் கட்டுரை, பெல்ஜியத்தின் கீல் ஊருக்குப் போகிறது. அங்கே இடைக்காலத்திலிருந்து ஒரு வழக்கம். புனித டிம்ப்னாவின் தேவாலயத்துக்குக் குணம்தேடி வந்த மனநோயாளிகளை ஊர் மக்கள் தங்கள் வீடுகளில் தங்க வைத்துக்கொண்டார்கள். நாளடைவில் அது ஊரின் வாழ்க்கை முறையாகவே ஆகிவிட்டது. ஒவ்வொரு வீட்டிலும் ஓரிருவர், அந்த வீட்டோடு உண்டு, உழைத்து, உறங்கி.

ஏன் இதை இங்கே செய்யக் கூடாது என்று கேட்டார் கால்ட். வில்லியம்ஸ்பர்க் சிறிய ஊர், எண்பது ஆண்டுகளாக மருத்துவமனையோடு வாழ்ந்து பழகிய ஊர். தேறிவரும் நோயாளிகளை ஊர்க் குடும்பங்களோடு தங்க வைக்கலாம், பண்ணைகளில் வாழ வைக்கலாம், மருத்துவமனை மேற்பார்வை செய்தால் போதும் என்றார். அதோடு நிற்காமல், நம் சங்கத்தவர்கள் எரிவாயுக் குழாய்களையும் கட்டட அமைப்பையும் பற்றிப் பேசும் அளவுக்கு நோயாளியைப் பற்றிப் பேசுவதில்லை என்றும் குற்றம் சாட்டினார்.

அது சரியான இடத்தில் பட்ட அடி. அந்தக் காலத்தில்தான் பிலடெல்ஃபியாவின் மருத்துவர் தாமஸ் கர்க்பிரைட் காப்பகக் கட்டடக் கலையை ஒரு தனித்துறையாகவே வளர்த்திருந்தார். நடுவில் நிர்வாகக் கட்டடம், இரு பக்கமும் படிப்படியாகப் பின்வாங்கும் நீண்ட சிறகுகள், ஒவ்வொரு பிரிவிலும் காற்றும் வெளிச்சமும். ஒரு மருத்துவமனையில் 250 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்றும் வரையறுத்தார். நல்ல கட்டடமே பாதி சிகிச்சை என்பது அவர்கள் நம்பிக்கை. அந்த ஆண்டு பாஸ்டனில் நடந்த சங்கக் கூட்டத்தில், கால்ட் இல்லாத நேரத்தில், உறுப்பினர்கள் ஒருவர் பின் ஒருவராக அவரைக் கடுமையாகத் தாக்கினார்கள். அவருடைய யோசனை அத்துடன் புதைக்கப்பட்டது. மனநோயாளி சமூகத்துக்குள் வாழ வேண்டும் என்ற கொள்கையை அமெரிக்க அரசு சட்டமாக்கியது 1963இல், கென்னடி காலத்தில். இடையில் 108 ஆண்டுகள்.

கர்க்பிரைட்டின் கட்டடங்களுக்கு என்ன ஆயிற்று என்பதும் தெரிந்ததே. 250 பேருக்கென்று போட்ட திட்டம் காலப்போக்கில் காற்றில் பறந்தது, நாடெங்கும் அரசுக் காப்பகங்களில் ஆயிரக்கணக்கானோர் அடைக்கப்பட்டார்கள். எத்தனை பேர் என்ற எல்லையைக் கட்டடக் கலைஞர் தீர்மானிக்க முடியாது, நிதி ஒதுக்குகிறவர்கள் தீர்மானிக்கிறார்கள்.

1862 மே

வில்லியம்ஸ்பர்க்கிலும் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. 1859க்குள் ஏழு கட்டடங்களில் சுமார் 300 நோயாளிகள். மூல 24 அறைகளோடு ஒப்பிட்டால் பன்னிரண்டு மடங்குக்கும் மேல். கால்டின் முறை ஒவ்வொருவரையும் தனித்தனியே அறிந்து நடத்தும் முறை. 300 பேரை ஒரு மருத்துவர் எப்படி அறிவார்?

பிறகு உள்நாட்டுப் போர். 1862 மே 5ஆம் தேதி ஊர் எல்லையில் சண்டை நடந்தது. மறுநாள் வட படைகள் வில்லியம்ஸ்பர்க்கைப் பிடித்தன. வெள்ளைப் பணியாளர்கள் பெரும்பாலோர் ஓடிவிட்டார்கள். 250க்கும் மேற்பட்ட நோயாளிகள் பூட்டிய கதவுகளுக்குப் பின்னால், உணவுக்கும் ஆளின்றி விடப்பட்டிருந்தார்கள். மருத்துவமனை படையின் கட்டுப்பாட்டுக்குள் போனது. அந்த மாதத்திலேயே, ஊர் வீழ்ந்து இரண்டு வாரங்களுக்குள், கால்ட் அபின் கரைசலை அளவுக்கு மீறி உட்கொண்டு இறந்தார். அவருக்கு வயது 43. தன் வாழ்நாள் முழுவதையும் கொடுத்த இடம் கையைவிட்டுப் போன துயரத்தில் அவர் இறந்தார் என்றே அந்த ஊர் நம்பியது.

காவல் மட்டும் மிஞ்சியது

போருக்குப் பிந்தைய வர்ஜீனியா வறுமைப்பட்ட மாநிலம். நோயாளிகள் கூடிக்கொண்டே போனார்கள், பணம் குறைந்துகொண்டே போனது. 1880களில் நோயாளிகள் நானூறைத் தாண்டினார்கள். பட்டறையும் நூலகமும் இசையும் பின்னுக்குப் போயின. பிணைப்புகள் திரும்பின. இம்முறை அவற்றுக்குப் பின்னால் எந்த மருத்துவக் கொள்கையும் இல்லை. பார்க்க ஆளில்லை, ஆகவே கட்டி வைத்தார்கள், அவ்வளவுதான். 1773இல் சங்கிலி போட்டவர்கள் குணமாகும் என்று நம்பிப் போட்டார்கள். ஒரு நூற்றாண்டு கழித்து அந்த நம்பிக்கையும் இல்லாமல் போட்டார்கள். இரண்டில் எது அதிக வேதனைக்குரியது என்று நினைத்தால், பின்னதுதான்.

இதே காலத்தில் கறுப்பின நோயாளிகள் பிரிக்கப்பட்டார்கள். 1870 வாக்கில் ரிச்மண்டுக்கு அருகே ஹோவர்ட்ஸ் க்ரோவ் என்ற இடத்தில் அவர்களுக்கென்று தனி மருத்துவமனை தொடங்கியது. அது 1885இல் பீட்டர்ஸ்பர்க் அருகே மாற்றப்பட்டது. கால்ட் வாதாடிய ஒரே கூரை என்ற எண்ணத்தை அடிமைத்தளை ஒழிந்த பிறகு வந்த ஆட்சிதான் கைவிட்டது.

1885 ஜூன் 7ஆம் தேதி ராபர்ட் ஸ்மித் கட்டிய அந்தப் பழைய கட்டடம் எரிந்து சாம்பலானது. விளக்குகளுக்காகப் புதிதாகப் போட்ட மின்கம்பிகளில் நெருப்புப் பிடித்ததே காரணம். நிறுவனம் மட்டும் தொடர்ந்தது, 1894இல் 'கிழக்கு மாநில மருத்துவமனை' என்ற பெயரோடு.

இருபதாம் நூற்றாண்டில் இன்னும் இருண்ட ஓர் அத்தியாயம். 1924இல் வர்ஜீனியா கட்டாயக் கருத்தடைச் சட்டம் கொண்டுவந்தது. மாநிலத்தின் மனநல மருத்துவமனைகளில் இருப்பவர்களில், பரம்பரையாகக் குறையுள்ளவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டோருக்கு அவர்கள் விருப்பத்தைக் கேட்காமலே கருத்தடை செய்யலாம். சட்டம் பெயர் சொன்ன மருத்துவமனைகளில் வில்லியம்ஸ்பர்க்கும் ஒன்று. 1927இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அச்சட்டத்தை ஏற்றது. 1970கள் வரை வர்ஜீனியாவில் 7,000க்கும் மேற்பட்டோர் இதற்கு ஆளானார்கள். 2002இல்தான் மாநில ஆளுநர் மன்னிப்புக் கேட்டார். மனநோயாளி நம்மிலிருந்து தன்மையில் வேறுபடவில்லை என்று கால்ட் எழுதிய அதே நிறுவனம், அவர்கள் வம்சமே தொடரக் கூடாது என்று சொல்லும் சட்டத்தின் கருவியாக மாறியது. நோயாளியைப் பற்றிய கருத்து ஒன்று மாறினால் எத்தனை தூரம் போகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

1935 வாக்கில் நோயாளிகள் 2,000 பேர். விரிவாக்க நிலமில்லை. அதே நேரத்தில் பழைய தலைநகரைச் சுற்றுலாத் தலமாகப் புதுப்பிக்கும் பணி ஊரில் மும்முரம். 1937 முதல் 1968 வரை நோயாளிகள் படிப்படியாக ஊருக்கு வெளியே டன்பார் பண்ணைக்கு மாற்றப்பட்டார்கள். பழைய மருத்துவமனையின் அடித்தளத்தை அகழ்ந்தெடுத்து, அதன்மேல் அதே தோற்றத்தில் எழுப்பிய கட்டடம் 1985இல் அருங்காட்சியகமாகத் திறந்தது.

இந்த வரலாறு சொல்வது

இரண்டு நூற்றாண்டுகளைத் தாண்டிய இந்தக் கதையில் திரும்பத் திரும்ப ஒரே விஷயம் நடக்கிறது. ஒரு நல்லெண்ணம் பிறக்கிறது, அதற்கு ஒரு கட்டடம் எழுகிறது, கட்டடம் நிரம்புகிறது, பணம் நின்றுபோகிறது, கடைசியில் பூட்டு மட்டும் மிஞ்சுகிறது. 1963க்குப் பின் அமெரிக்கா பெரிய மருத்துவமனைகளைக் குறைத்தபோதும் இதுதான் நடந்தது. வாக்களித்த சமூக மனநல மையங்களுக்குப் போதிய பணம் வரவில்லை. இன்று அந்த நாட்டின் சிறைகளில் மனநோயாளிகள் பெருமளவில் அடைபட்டிருக்கிறார்கள். சுவரை இடித்தால் மட்டும் விடுதலை வராது. சுவருக்கு வெளியே தாங்கிப் பிடிக்க ஆள் வேண்டும்.

வில்லியம்ஸ்பர்க்கில் நோயாளிகள் மனிதர்களாக வாழ்ந்த காலம், அவர்களைத் தெரிந்துவைத்திருந்த ஒரு மருத்துவரும், கூடவே இருந்த பணியாளர்களும் இருந்த காலம். அந்தப் பணியாளர்களில் பலர் அடிமைகளாக இருந்தது நம்மை வெட்கப்பட வைக்கிறது. அதுவே இன்னொன்றையும் சொல்கிறது: இந்தப் பணி அவ்வளவு கடினமானது, அவ்வளவு விலைமதிப்பற்றது, அதற்கு உரிய கூலியையும் மரியாதையையும் எந்தச் சமூகமும் மனமுவந்து கொடுத்ததில்லை.

எனவே ஒரு மனநல மருத்துவமனையைப் பற்றி நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதன் கட்டடம் எத்தனை புதியது என்பதல்ல, என்ன மருந்து வாங்குகிறார்கள் என்பதும் அல்ல. ஒரு நோயாளிக்கு எத்தனை பணியாளர்கள், அவர்களுக்கு என்ன ஊதியம், தேறியவர் திரும்பிப்போக ஊரில் ஓர் இடம் இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் விடை கேட்காமல் எந்த அரசுக்கும் பாராட்டுச் சொல்லாதீர்கள்.